இருவருக்கும் நடுவே ஒரு வாயில்

மாட்டுச் சந்தையில் விலை காதில் விழாது. மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் அது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் கையை மூடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அழுத்துவது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. விற்பவர் தலையசைப்பார், அல்லது கையை உருவிக்கொள்வார். அடுத்து அதே துண்டு, வாங்க வந்தவரின் கைமேல் விழும். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் எவ்வளவுக்குக் கேட்டார்கள், எவ்வளவுக்கு மறுத்தார்கள் என்பது அந்த மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பேரம் முறிந்தால் விற்பவர் அடுத்த ஆளிடம் முதலிலிருந்து தொடங்கலாம். "அவருக்கு இவ்வளவு குறைத்தீர்களே" என்று யாரும் மடக்க முடியாது.

இடையில் நிற்பவரின் வேலை ஏறக்குறைய முழுதாக இந்தக் காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. தரகரிடம் மாடும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு பக்கத்துக் கையையும் தொடுவதற்கான அனுமதி மட்டும் அவரிடம் இருக்கிறது. அந்த அனுமதியை இருவரில் யார் வேண்டுமானாலும் கையை உருவி முடித்துவிடலாம். தூது, தரகு, மத்தியஸ்தம் என்று பல பெயர்களில் நடக்கும் இந்த வேலை எங்கே நன்றாக நடந்தது, எங்கே கெட்டுப்போனது என்று வரலாறு நெடுகப் பார்த்துக்கொண்டு போனால், கையை உருவிக்கொள்ளும் உரிமை இருந்ததா இல்லையா என்ற இடத்தில்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். தூதர் ஒருவரின் ஆள். அனுப்பியவருக்காகப் பேசுபவர். தரகர் கூலிக்காக இருவரையும் சேர்த்து வைப்பவர், பேரம் படிந்தால்தான் அவருக்குக் காசு. மத்தியஸ்தர் இருவரும் ஒப்புக்கொண்டு நடுவில் உட்கார வைத்தவர். முடிவு அவர் கையில் இல்லை. நடுவர் என்றால் முடிவு சொல்பவர். காவிரிக்கு 1990இல் அமைக்கப்பட்டது நடுவர் மன்றம். அது 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கியது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதில் மாற்றம் செய்தது. அங்கே யாரும் யாரையும் இணங்க வைக்கவில்லை, இவ்வளவு தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேச்சு வழக்கில் இந்த நான்கு சொற்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நடைமுறையிலும் ஒருவர் வேலையில் இன்னொருவர் நுழைந்துவிடுவது உண்டு, சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் இந்தப் பொருளைப் பற்றிய மிகப் பழைய சிந்தனை தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. கணவன் மனைவிக்கு இடையே ஊடல் வந்தால் அதைத் தணிக்க உரியவர்கள் என்று கற்பியல் ஒரு பட்டியல் தருகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று பன்னிரண்டு பேர். கடைசியில் வரும் 'கண்டோர்' வழியில் பார்த்தவர்கள்! வீட்டுக்குள் நடக்கும் சண்டையைத் தீர்ப்பதில் வழிப்போக்கருக்கும் பங்கு உண்டு என்று ஓர் இலக்கண நூல் எழுதி வைத்திருப்பது எத்தனை அழகான செய்தி. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இலக்கணம் கொடுத்த பெயர் 'வாயில்'. வாயில் என்றால் கதவு இருக்கும் இடம். ஆளைக் குறிக்க ஓர் இடத்தின் பெயர்.

அந்த உருவகத்தை நம் முன்னோர் கடைசிவரை கொண்டுபோனார்கள். வாசல் திறக்கும், சாத்தவும் படும். அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளில் 'வாயில் நேர்தல்' என்றும் 'வாயில் மறுத்தல்' என்றும் இரண்டு துறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய தலைவன் பாணனை அனுப்புகிறான். தலைவியோ தோழியோ அவனை வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்புகிறார்கள். ஐங்குறுநூற்றில் பாணனுக்கென்றே தனிப் பத்துகள் உண்டு. மருதத்துப் பாணன் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை, பொய்யன் என்ற பட்டம் அவனுக்கு நிரந்தரம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. சமரசம் பேச வந்தவனைத் திருப்பி அனுப்புவதைத் தமிழ் இலக்கணம் குற்றமாக எழுதவில்லை, இலக்கியத்துக்கு உரிய துறையாகவே அங்கீகரித்தது. காயப்பட்டவளுக்கு மறுக்கும் இடம் கொடுத்துவிட்டுத்தான் பன்னிரண்டு வாயில்களையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

தோழியின் வேலை இதைவிட நுட்பமானது. களவுக் காலத்தில் அவள்தான் காதலர் இருவருக்கும் நடுவில் நிற்கிறாள். காதல் வெளிப்பட வேண்டிய நேரம் வரும்போது 'அறத்தொடு நிற்றல்' தொடங்கும். தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையரிடமும் சொல்ல வேண்டும். செய்தி ஒரே ஆள் மூலம் நேரே தந்தையின் காதுக்குப் போவதில்லை, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆறி, கொஞ்சம் பதம் பார்த்துப் போகிறது. இன்றைய வீடுகளிலும் காதல் விஷயம் அத்தை, சித்தி, அம்மா என்று படியேறித்தான் அப்பாவிடம் போய்ச் சேருகிறது.

புறநானூற்றுக்கு வந்தால் புலவர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது போன ஒளவையை எல்லோரும் அறிவார்கள். படைக்கொட்டிலைப் பெருமையாகக் காட்டிய தொண்டைமானிடம், உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னார். மேலோட்டமாகப் பார்த்தால் புகழ்ச்சி. போர் பல கண்டவன் யார் என்ற செய்தி உள்ளே இருக்கிறது. ஒளவை ஒரு பக்கத்து ஆள். நடுநிலை அவருடைய வேலையே இல்லை. எதிராளி முகம் இழக்காமல் பின்வாங்க ஒரு வழியைத் திறந்து வைத்ததுதான் அவருடைய திறமை.

கோவூர்கிழாரின் நிலை அப்படி இல்லை. சோழர் குடியிலேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது, உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கும் வெளியே முற்றுகையிட்டவனுக்கும் நடுவில் போய் நின்றார். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உங்கள் இருவர் தலையிலும் இருப்பது ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்பதே அவர் எடுத்து வைத்த வாதம். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இருவருக்கும் பொதுவானது எது என்று தேடி அதை நடுவில் வைத்தார். இன்று மத்தியஸ்தப் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடங்களில் ஒன்றாகச் சொல்லித் தருவது இதைத்தான்.

அவருடைய இன்னொரு பாட்டு இந்த வேலையின் ஆபத்தைக் காட்டுகிறது. இளந்தத்தன் என்ற புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தான். ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் போனான். பரிசிலை நம்பி ஊர் ஊராகப் போகிறவர்கள் யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை என்று எடுத்துச் சொல்லி அவனைக் காப்பாற்றினார் கோவூர்கிழார். இரண்டு பக்கமும் போய்வருகிறவன் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகத்துக்கு உரியவன். போர்க்காலத்தில் தூதனுக்கும் ஒற்றனுக்கும் இடையே உள்ள கோடு, அவனைப் பார்க்கிறவனின் மனநிலையைப் பொறுத்தது. இத்தனை செய்தும் போர் நின்றதா? நெடுங்கிள்ளியைப் பிற்காலத்தார் 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழியோடு குறிக்கிறார்கள். அவன் காரியாற்றில் இறந்தான் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தோல்வி கபிலருக்கும் நேர்ந்தது. பாரி இறந்தபின் அவனுடைய பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் பிறகு இருங்கோவேளிடமும் போய் மணம் பேசினார். பெற்ற தகப்பன் போலவே நின்று பேசினார். இருவரும் மறுத்துவிட்டார்கள். இருங்கோவேளிடம் அவர் கோபித்துக்கொண்டு திரும்பியதையும் பாட்டே சொல்கிறது. அதே கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பேகனைப் பற்றிப் பாடிய பாடல்களோ தனிச் சிறப்புடையவை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் போய்விட்டான். புலவர்கள் அவனிடம் போய் வழக்கமாகக் கேட்கும் பொன்னையும் பொருளையும் கேட்கவில்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்றார்கள். தங்களுக்குக் கிடைக்க வேண்டிய கூலியைப் பணயமாக வைத்து ஒரு குடும்பத்தைச் சேர்க்கப் பார்த்த இந்த நான்கு பேரை நினைத்தால் நெஞ்சு நெகிழாமல் இருக்காது.

பக்தி இலக்கியம் இந்த வேலையை இறைவனுக்கே கொடுத்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூர் திரும்பிய சுந்தரருக்கு முதல் மனைவி பரவையார் வீட்டில் இடம் இல்லை. நள்ளிரவில் சிவபெருமானே பரவையார் வீட்டுக்கு நடந்தார் என்கிறது பெரியபுராணம். முதல்முறை அர்ச்சகர் வடிவில் போனார், பரவையார் மறுத்துவிட்டார். இரண்டாம் முறை சொந்த உருவில் போனபின்தான் இசைந்தார். தூது வந்தது கடவுளே என்றாலும் முதல்முறை வாயில் மறுக்கப்பட்டது. சேக்கிழார் அந்த மறுப்பைச் சுருக்கிவிடாமல் விரித்தே எழுதியிருக்கிறார்.

தூதனின் தகுதிகளுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதர்களை வகைப்படுத்துகிறார். தானே வகுத்துப் பேசுபவன் ஒருவன், சொன்னதை அப்படியே போய்ச் சொல்பவன் இன்னொருவன். ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவன் மூன்றாம் வகை, அவன் கடைப்பட்டவன் என்று ஒதுக்கிவிடுகிறார். முதல் இருவருக்கும் உள்ள வேறுபாடு இன்றும் தீராத கேள்வி. செய்தியைக் கொண்டுபோகிறவர் அதைத் திருத்தலாமா? கல்யாணத் தரகரைக் கேட்டால் திருத்தித்தான் ஆக வேண்டும் என்பார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்" என்ற பழமொழி, 'போய்ச் சொல்லி' என்பதிலிருந்து திரிந்தது என்று சிலர் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் சரியோ தவறோ, நல்ல தரகர் இரண்டையும் செய்கிறார். ஆயிரம் முறை நடக்கிறார். பெண் வீட்டார் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லைப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியிலேயே விட்டுவிட்டும் போகிறார். விட்டது எது என்பதில் அவருடைய அறம் இருக்கிறது. கோபத்தை விடுவது வேறு, பையனின் குடிப்பழக்கத்தை விடுவது வேறு.

இரண்டு பக்கத்துக்கும் ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் இடையாளின் கை ஓங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் துபாஷிகள் அப்படித்தான் உயர்ந்தார்கள். இரண்டு மொழி பேசுபவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்தபோது அவருடைய தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு அந்த வாழ்க்கையின் உட்புறத்தைக் காட்டுகிறது. வணிகர், நவாபின் ஆட்கள், கைக்கோளர், சாதித் தலைவர்கள் என்று எல்லோரும் கவர்னரிடம் போக அவர் வாசலில் வந்து நின்றார்கள். அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தவர் டூப்ளேயின் மனைவி. அந்த அம்மையார் இந்த மண்ணில் பிறந்து தமிழ் பேசக் கற்றவர், கவர்னரிடம் போக இன்னொரு வாசலாக இருந்தவர். அவர் மீது பிள்ளைக்கு இருந்த மனக்கசப்பு நாட்குறிப்பு முழுவதும் தெரிகிறது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊராருக்கும் ஆட்சிக்கும் நடுவில் அவர் பட்ட பாடும் அதில் இருக்கிறது. அதிகாரம் தன் வழியாகப் போய்வந்த அதே மனிதர், அதிகாரத்தைத் தடுக்க முடியாமல் நின்ற பக்கங்கள் அவை.

அதற்கடுத்த நூற்றாண்டில் வந்த இடையாளைப் பற்றி எழுதும்போது கை கூசுகிறது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், அதே உறவு. முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். வழிச்செலவும் அரிசியும் கடனாக ஏறும். துரைக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. கூலியும் கடனும் புகாரும் கங்காணி வழியாகவே போய்வந்தன. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கணக்கு வைத்துத் தோட்டம் அவருக்குப் பணம் கொடுத்தது. அதனால் ஆள் தன் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு லாபம்.

இலங்கையில் அந்த முறைக்கு ஒரு காகிதமும் இருந்தது. அதன் பெயரும் துண்டுதான். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார், கடன் தொகை கூடும், ஆட்கள் கை மாறுவார்கள். கடன் யார் தலையில் ஏறியதோ அவருக்கு அந்தச் சீட்டில் பேச வாய் இல்லை. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மாட்டுச் சந்தைத் துண்டுக்கு அடியில் விவசாயியின் கை இருக்கிறது, பிடிக்காவிட்டால் உருவிக்கொள்ளும். தோட்டத்துத் துண்டில் தொழிலாளியின் பெயரும் கடனும் மட்டும் இருந்தன.

இடைத்தரகர் என்ற சொல்லுக்கு இன்று ஒட்டியிருக்கும் கறைக்கு இப்படிப்பட்ட நினைவுகளும் காரணம். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவிப்பவரும் வாங்குபவரும் நேரே சந்திக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. உழவர் சந்தைகள் நல்ல பலன் தந்தன. ஆனாலும் கமிஷன் மண்டிகள் மறையவில்லை. விதைக்கும் நேரத்தில் கைமாற்றுக் கொடுப்பதும், ஒரு லாரி தக்காளியை ஒரே காலையில் எடுத்துக்கொள்வதும் மண்டிதான். அந்தக் கைமாற்றே விவசாயியை அடுத்த அறுவடையிலும் அதே மண்டிக்கு வர வைக்கிறது. தரகைக் குறைக்க வேண்டுமென்றால் தரகரைத் திட்டுவதால் பயனில்லை. விவசாயிக்கு வேறிடத்தில் கடன் கிடைக்க வேண்டும்.

நாடுகளுக்கு இடையிலான சமரசத்திலும் இதே கேள்வி பெரிய உருவத்தில் வருகிறது. கையில் பலம் உள்ளவர் நல்ல மத்தியஸ்தரா, பலம் இல்லாதவரா? பலம் வேண்டும் என்பவர்கள் 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் நடந்ததைச் சுட்டுவார்கள். எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச்சு முறிந்தது. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் 13 நாள் இரு குடில்களுக்கும் இடையே நடந்தார். ஒரே வரைவை இருவரிடமும் மாற்றி மாற்றிக் காட்டித் திருத்தி எழுதினார்கள். சதாத் மூட்டை கட்டிப் புறப்படத் தயாரானபோது கார்ட்டர் அவருடைய குடிலுக்கே போய் நிறுத்தினார். கடைசிக் கட்டத்தில் பெகினின் பேரக் குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிப் படங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அமெரிக்காவின் பணமும் படைபலமும் பின்னால் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் இருவரும் எழுந்து போயிருக்கலாம், போகவும் இருந்தார்கள். பாலஸ்தீனர்கள் அந்த மேசையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமையாகும்.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 1985இல் பூடானின் திம்புவில் இலங்கை அரசையும் தமிழ் இயக்கங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது இந்தியா. அப்போது அது இடையில் நின்ற நாடு. இரண்டே ஆண்டில் நிலை மாறியது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும். யாருக்காக ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டதோ அந்தத் தமிழர் தரப்பில் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை. சமரசம் பேச வந்தவர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகி, அதை நிறைவேற்றும் படையையும் அனுப்பினார். அக்டோபரில் அந்தப் படையே விடுதலைப் புலிகளோடு போரிட்டது. யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு வெளியேறியது. நடுவில் இருந்தவர் ஆயுதத்தோடு உள்ளே வந்துவிட்டால் அவரை மறுக்கச் சண்டையைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

அடுத்து வந்த நார்வே இதற்கு நேர்மாறு. ஈழத்துப் பத்திரிகைகள் அதற்குக் கொடுத்த பெயரே அளவானது: அனுசரணையாளர். மத்தியஸ்தர் என்றுகூட அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. 2000 நவம்பரில் நார்வேயின் தூதர் எரிக் சொல்ஹைம் வன்னிக்குப் போய்ப் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார். 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சின் முதல் சுற்று, 2003 மார்ச்சுக்குள் ஆறு சுற்றுகள், ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐந்து நார்டிக் நாடுகளின் ஆட்கள் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், அந்த ஒன்றியத்தில் உள்ள ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். 2008 ஜனவரியில் இலங்கை அரசே ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது. நார்வேயிடம் படையும் இல்லை, கட்டாயப்படுத்தும் வழியும் இல்லை. இரு தரப்பும் பேச விரும்பிய காலத்தில் அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. போரைத்தான் விரும்புகிறோம் என்று தரப்புகள் முடிவு செய்தபின் அதனால் எதையும் தடுக்க முடியவில்லை. இதை நார்வேயின் தோல்வி என்று எழுதுகிறவர்கள், இடையில் நிற்பவரிடம் அவர் கையில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்கள். கண்காணிப்பு மெலிந்தபோதும் பேச்சு முடங்கியபோதும் இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம் என்ற குறையை மட்டும் மறுக்க முடியாது.

அரசுகள் பேசாத இடத்தில் மக்கள் பேசிய முயற்சி ஒன்றும் உண்டு. காவிரிச் சண்டை உச்சத்தில் இருந்த 2003இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முன்முயற்சியில் தமிழக, கர்நாடக விவசாயிகள் ஒரே அறையில் சந்தித்தார்கள். 'காவிரிக் குடும்பம்' என்று அந்தக் குழுவுக்குப் பெயர். ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவனும் தண்ணீருக்குக் கடன்பட்ட விவசாயிதான் என்று கண்ணால் கண்டார்கள். தண்ணீர்ப் பங்கீட்டை அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை, அது அரசுகளின் கையில் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு நாளன்று பேருந்துகள் எரிந்த காலத்தில், எல்லைக்கு இரு பக்கமும் போன் போட்டு நலம் கேட்டுக்கொள்ளும் விவசாயிகள் சிலராவது உருவானார்கள்.

நீதிமன்றங்களுக்குள் சமரசம் முறையாக நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரசத் தீர்வு மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. அதை உருவாக்குவதில் முன்னின்ற மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. அயோத்தி வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் குழுவிலும் அவர் இருந்தார். குழுத் தலைவர் காரைக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கலிஃபுல்லா, மூன்றாமவர் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர். ஆகஸ்டில் சமரசம் எட்டவில்லை என்று நீதிமன்றம் சொன்னது, நவம்பர் 9இல் தீர்ப்பு வந்தது. இத்தனை பெரிய வழக்கையும் மூடிய அறைக்குள் பேசிப் பார்க்கலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் நம்பியதே ஒரு மாற்றம்.

2023இல் வந்த மத்தியஸ்தச் சட்டத்தைப் படித்தால் மாட்டுச் சந்தைத் துண்டு நினைவுக்கு வரும். பேச்சில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டக் கூடாது. மத்தியஸ்தர் அதே தகராறில் பின்னர் நடுவராகவோ வழக்கறிஞராகவோ வர முடியாது. 120 நாளுக்குள் முடிய வேண்டும், வேண்டுமானால் இன்னும் 60 நாள். எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம். முதலில் கொண்டுவரப்பட்ட மசோதாவில் வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போவது கட்டாயம் என்று இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் பின் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்தத் திருத்தம் சரியானது. வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண்ணை, வழக்குக்கு முன் கணவனோடு உட்கார்ந்து பேசிவிட்டு வா என்று அனுப்புவதன் பெயர் சமரசம் ஆகாது.

இந்த இடத்தில் கட்டப்பஞ்சாயத்தைப் பேசாமல் விட முடியாது. அதைச் சமரசத்தின் கிராமத்து வடிவம் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றுதான். மரத்தடி, பெரியவர்கள், இரு தரப்பு. ஆனால் அங்கே சொன்னதை ஏற்காதவருக்கு அபராதம் உண்டு, ஊர்விலக்கு உண்டு, கடையில் சாமானும் குழாயில் தண்ணீரும் மறுக்கப்படுவது உண்டு. சாதி மாறி மணந்த பிள்ளைகள் உயிரையே இழந்திருக்கிறார்கள். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்றும், தடுக்கத் தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மரத்தடியை விட்டு எழுந்து போக முடியாதவருக்கு அது நீதிமன்றமும் இல்லை, சமரசமும் இல்லை.

புதிய சட்டத்தின் சமூக மத்தியஸ்தப் பகுதி இந்த அச்சத்தை உணர்ந்தே எழுதப்பட்டது போலத் தெரிகிறது. ஊர் அமைதி தொடர்பான தகராறுகளை மூவர் குழு பேசித் தீர்க்கலாம். இரு தரப்பும் ஒப்ப வேண்டும். குழுவில் பெண்களின் இடத்தையும் சட்டம் குறிப்பிடுகிறது. எட்டிய உடன்பாடு நீதிமன்ற ஆணைபோல நிறைவேற்றத் தக்கதன்று. பலம் இல்லாத சமரசம் எதற்கு என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கே மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் தகராறு, வேலித் தகராறு, அண்டை வீட்டுச் சண்டை போன்றவை நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கே போக வேண்டும். வழக்கறிஞருக்கு இடமில்லை. ஒரு தரப்பு ஒருவரையும், மறு தரப்பு இன்னொருவரையும் தேர்ந்துகொள்ளும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தேர்வார்கள். மத்தியஸ்தர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர்.

வார இறுதியில் பள்ளிக்கூட வகுப்பறையில் அந்தச் சபை கூடும். மாணவர் பெஞ்சுகளில் மூவர் ஒரு பக்கமும் தகராறுக்காரர் இருவர் எதிர்ப் பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். மாமரக் கிளை வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது பற்றிய பேச்சு, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் பந்தியில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்ற இடத்துக்குப் போய் நிற்கும். தலைவர் அதையும் பொறுமையாகக் கேட்பார், மரத்தைப் பற்றிய பேச்சு அதில் அடங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்கள். இன்னொரு துண்டுக் காகிதம். வந்தவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.